அறளை பெயர்ந்துவிட்டதென்று விட்டுவிடலாமா?



சென்ற மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர், கிளிநொச்சி மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றுக்கு வேலை நிமித்தம் சென்றிருந்தேன். சுயதொழில் உதவியாகக் கோழிக்கூடு பெற்றிருந்த ஓர் அக்காவின் வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அன்று கோழிகளைப் பற்றி எழுதியதைவிட அந்த வீட்டு அம்மாவைப் பற்றி எழுதியதே அதிகம். அந்த அக்காவின் சம்மதத்துடன், அவர் யாரென்று தெரியாதபடி சில விடயங்களை மாற்றி, இந்த மாதம் அதனையே உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

நான் போனபோது குசினிக்குள் புட்டு அவிந்துகொண்டிருந்தது. எழுபத்தைந்து வயதைத் தாண்டிய அம்மா வாசலில் நின்று மகளிடம் ஏதோ கேட்டார்.

"அதை எடு பிள்ளை... அதை."

"எதையம்மா?"

"அதுதான்... அந்த... தேங்காய்ப்பூ வாறது."

"திருவலையோ?"

"ஓம், ஓம், அதுதான்" என்று அம்மா சிரித்தார். சிறிது நேரத்தில் மறுபடியும் "அதை எடு பிள்ளை" என்றார். மூன்றாம் தடவை கேட்டபோது அக்கா என் பக்கம் திரும்பி, "அறளை பேந்திட்டுது மிஸ். எங்களை ஆக்கினைப்படுத்துறதுக்கெண்டே கேக்கிறா" என்றார்.

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. மகள் சொன்னது அவருக்கு விளங்கிவிட்டது. பேசாமல் போய்த் திருவலையைத் தானே தேடி எடுத்து, அதன்மேல் குந்தி, தேங்காய்ப் பாதியை எடுத்துத் துருவத் தொடங்கினார். சிரட்டை சுரண்டுப்படாமல் வெள்ளைப் பூவாக விழுந்தது. பெயர் மறந்துபோன பொருளை அந்தக் கைகள் மறக்கவில்லை.

அந்தக் காட்சிதான் என்னை இதனை எழுதவைத்தது. எங்கள் வீடுகளில் இப்படி எத்தனை அம்மாமார், அம்மம்மாமார் இருக்கின்றார்கள்! அவர்களுக்கு என்ன நடக்கின்றது என்று நாம் அறிந்திருக்கிறோமா?

இது வயதின் குறும்பல்ல, நோய்

எங்களுடைய ஊர்களில் இதனை 'அறளை பெயர்தல்' என்று சொல்லி முடித்துவிடுவோம். சிலர் பேய்க்குணம் என்பார்கள். சிலர் முற்பிறப்புப் பாவம் என்பார்கள். வைத்தியர்கள் இதனை டிமென்சியா என்கின்றனர். தமிழில் மறதிநோய் என்று எழுதுகிறார்கள். மூளையின் உயிரணுக்கள் படிப்படியாகப் பழுதடைவதால் ஞாபகம், பேச்சு, யோசிக்கும் திறன், இடம் காலம் அறியும் திறன் என்பன ஒன்றன்பின் ஒன்றாகக் குறைந்துபோகும் நிலை இது. வயது கூடக்கூட இது வரும் வாய்ப்பும் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் முதுமை அடைந்த எல்லோருக்கும் இது வருவதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021 இல் உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் எங்களைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். டிமென்சியாவுக்குக் காரணமான நோய்கள் பல. அவற்றுள் அல்சைமர் நோயே பிரதானமானது; நூற்றுக்கு 60 முதல் 70 பேருக்கு அதுதான் காரணம். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் பழுதடைவதாலும் பலருக்கு வருகின்றது.

ஞாபகம் எப்படிப் போகின்றது?

"அம்மாவுக்கு நாப்பது வருசத்துக்கு முந்தின கலியாணவீட்டில ஆர் ஆர் வந்தவை எண்டு தெரியும். காலமை சாப்பிட்டது தெரியாதாம். இது நடிப்பில்லையோ?" என்று அக்கா கேட்டார். இந்தக் கேள்வியைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

இது நடிப்பல்ல. எங்களுடைய மூளையில், காதுகளுக்கு உட்புறமாக, ஹிப்போகாம்பஸ் என்ற சிறிய பகுதி இருக்கின்றது. புதிதாக நடப்பவற்றை ஞாபகத்தில் பதிந்துவைப்பதற்கு அது வேண்டும். அல்சைமர் நோய் பெரும்பாலும் அந்தப் பகுதியைத்தான் முதலில் தாக்குகின்றது. கிராம சேவையாளரின் பதிவுப் புத்தகத்தில் இன்று பதியப்படாத பெயரை நாளைக்குத் தேடினால் கிடைக்குமா? அதுபோலத்தான், காலையில் சாப்பிட்டது அம்மாவின் மூளையில் பதியவே இல்லை. ஆகவே அது மறந்துபோனதென்றும் சொல்ல முடியாது. நாற்பது வருடத்துக்கு முந்திய கலியாணமோ நல்ல மூளையில் பதிந்தது. பலமுறை நினைத்து, பலமுறை சொல்லி உறுதிப்பட்டது. அதனால் அது கூடிய நாள் நிற்கின்றது.

ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்பதற்கும் இதுவே காரணம். நீங்கள் சொன்ன பதில் பதியவில்லை. அவரைப் பொறுத்தவரை ஒவ்வொரு தடவையும் முதல் தடவைதான்.

சொல் எப்படிப் போகின்றது?

சொற்கள் ஒரேயடியாகப் போவதில்லை. அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஆட்களின் பெயர்களும், அடிக்கடி பாவிக்காத பொருட்களின் பெயர்களும் போகும். அந்த இடத்தில் 'அது', 'இது', 'அந்தச் சாமான்' என்ற சொற்கள் வந்து நிற்கும். அல்லது பெயருக்குப் பதிலாக அதன் வேலையைச் சொல்வார்கள். 'தேங்காய்ப்பூ வாறது' என்று அந்த அம்மா சொன்னதும் அப்படித்தான். அடுத்து, கிட்டத்தட்ட ஒத்த சொல் வந்து விழும். அகப்பை என்பதற்குக் கரண்டி என்பார், ஆட்டைக் காட்டி நாய் என்பார். மகளை 'அக்கா' என்றும் பேரனை மகனின் பெயர் சொல்லியும் கூப்பிடுவார். இன்னும் நாள் போக, தொடங்கிய வசனம் பாதியில் நின்றுவிடும். கடைசியில் சில சொற்கள் மட்டும் மிஞ்சும். சிலர் முற்றாகப் பேச்சிழப்பார்கள்.

இந்த நோயை முதலில் விபரித்த வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர் என்ற ஜேர்மனியர். 1901 இல் பிராங்பேர்ட் நகர வைத்தியசாலைக்கு ஒகுஸ்தா டீற்றர் என்ற 51 வயதுப் பெண் கொண்டுவரப்பட்டார். அவரிடம் தினமும் கேட்ட கேள்விகளையும் அவர் சொன்ன பதில்களையும் அந்த வைத்தியர் எழுதிவைத்தார். கணவரின் பெயர் என்னவென்று கேட்டதற்குத் தன்னுடைய பெயரையே சொன்னார் ஒகுஸ்தா. பேனை, திறப்பு என்று காட்டியவற்றின் பெயர்களைச் சரியாகச் சொன்னார். ஆனால் சற்று நேரத்தில் எவற்றைக் காட்டினார்கள் என்பதே நினைவில்லை. பெயரை எழுதச் சொன்னபோது 'திருமதி' என்று மட்டும் எழுதினார், மிச்சம் வரவில்லை. கோப்பை என்ற சொல் வராதபோது 'பால் ஊற்றுவது' என்ற பொருளில் ஒரு சொல்லைச் சொன்னார்.

இதை வாசித்தபோது எனக்கு அந்தக் குசினி வாசல்தான் நினைவுக்கு வந்தது. பிராங்பேர்ட்டில் 'பால் ஊற்றுவது', கிளிநொச்சியில் 'தேங்காய்ப்பூ வாறது'. நாடும் மொழியும் வேறு, நோய் ஒன்று. ஒகுஸ்தா 1906 ஏப்ரலில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அல்சைமர் அவருடைய மூளையில் கண்ட மாற்றங்களை மற்ற வைத்தியர்களுக்கு எடுத்துரைத்தார். 1910 இல் இந்த நோய்க்கு அவருடைய பெயர் வழங்கப்பட்டது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. 'தேங்காய்ப்பூ வாறது' என்று சொன்ன அம்மாவுக்குத் தனக்கு என்ன வேண்டுமென்று தெரியும். அது எதற்கென்றும் தெரியும். சொல் மட்டும்தான் வரவில்லை. நோயின் முதற்பகுதியில் பெயர் போகும். சொல்ல வந்தது போகாது. நாங்களோ பெயர் போனதைப் பார்த்து, ஆளே போய்விட்டார் என்று எண்ணி நடக்கிறோம்.

எல்லா மறதியும் இந்த நோயா?

இதை வாசிக்கும் சகோதரிகளில் சிலருக்குப் பயம் வந்திருக்கும். "எனக்கும்தானே எல்லாம் மறந்துபோகுது" என்று நாற்பது வயது அக்காமார் என்னிடம் சொல்வதுண்டு. அடுப்பில் வைத்தது மறந்துபோகிறது. கடைக்குப் போய் எதற்கு வந்தேனென்று நிற்கிறேன் என்பார்கள்.

பொறுங்கள். போரையும் இழப்பையும் கண்ட மனம் நித்திரையில்லாமலும், ஒரே யோசனையிலும், பயத்திலும் இருக்கும்போது எதிரே நடப்பதைக் கவனிப்பதில்லை. கவனிக்காதது ஞாபகத்தில் நிற்காது. மனச்சோர்வும் இப்படித்தான் செய்யும். தக்க உதவி கிடைத்தால் இந்த மறதி குறையக்கூடியது. நுனிநாக்கில் நின்ற பெயர் பின்னேரம் தானாக ஞாபகத்துக்கு வந்தால் அதுவும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதல்ல. ஆனால் பழகிய பாதையில் வழி தவறுதல், பழகிய சமையலின் ஒழுங்கு தப்புதல், வீட்டுச் சாமான்களின் பெயர்கள் வரவரக் குறைதல் என்பன மாதக்கணக்கில் கூடிக்கொண்டு வந்தால் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்.

வைத்தியரிடம் போவதற்கு இன்னுமொரு காரணமும் உண்டு. தைரொயிட் சுரப்புக் குறைவு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு என்பனவும் மறதியைக் கொண்டுவரும். இவற்றைக் கண்டுபிடித்தால் சிகிச்சை செய்யலாம். 'வயசு போட்டுது' என்று வீட்டில் வைத்திருந்தால் குணமாக்கக்கூடியதையும் குணமாக்காமல் விட்டவர்களாவோம்.

இரண்டு விடயங்களில் தாமதிக்கக்கூடாது. ஒன்று: நேற்றுவரை நன்றாகக் கதைத்தவர் திடீரெனச் சொல் வராமல் தடுமாறினால், வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் போனால் அது பாரிசவாதமாக இருக்கலாம். உடனடியாக 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழையுங்கள். மற்றது: ஓரிரு நாளுக்குள் திடீரெனக் குழம்பிப் பிதற்றினால் சிறுநீர்த் தொற்றோ காய்ச்சலோ உடலில் நீர் குறைந்ததோ காரணமாக இருக்கலாம். அதற்கும் உடனே வைத்தியசாலைதான்.

அல்சைமர் நோயை முற்றாக மாற்றும் மருந்து இன்றுவரை இல்லை. சில மருந்துகள் சிலருக்குச் சிறிது காலம் அறிகுறிகளைத் தணிக்கும். ஆனால் வராமல் தடுக்க நாம் செய்யக்கூடியவை இருக்கின்றன. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024 இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சொல்கிறது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, புகைத்தல், கேட்கும் திறன் குறைவு, பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை, தலைக்காயம், இளமையில் கல்வி குறைவு என்பன அவற்றுட் சில. எல்லாக் காரணிகளையும் கவனித்தால், உலகில் ஏற்படும் டிமென்சியாவில் நூற்றுக்கு 45 வரையிலானவற்றைத் தடுக்கவோ பிற்போடவோ முடியுமென்று அக்குழு கணித்திருக்கின்றது. செல்துண்டால் தலையில் காயப்பட்டவர்களும், தனித்துப்போனவர்களும், பள்ளிப் படிப்பு இடையில் நின்றவர்களும் எங்கள் மத்தியில் எத்தனைபேர்! அவர்களுக்கெல்லாம் நோய் வருமென்று இதற்கு அர்த்தமல்ல. பிரஷர், சீனி கிளினிக்குகளைத் தவறவிடாமல் போவதும், நாலுபேருடன் கூடிக் கதைப்பதும் எங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை என்பதே அர்த்தம்.

"என்னோட நல்லாத்தானே கதைக்கிறா"

அந்த அக்காவின் மூத்த சகோதரர் வெளிநாட்டில் இருக்கின்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பார். "அம்மா, சுகமா இருக்கிறியளோ?" என்றால், "ஓம் தம்பி, நான் சுகம். நீ சாப்பிட்டிட்டியே? பிள்ளையள் எப்பிடி?" என்று அம்மா நன்றாகவே கதைப்பார். தொலைபேசியை வைத்ததும் யாருடன் கதைத்தேனென்று கேட்பார். அண்ணனோ, "அம்மா என்னோட நல்லாத்தானே கதைக்கிறா. நீதான் கூட்டிச் சொல்லுறாய்" என்று தங்கையைக் குறை சொல்வார்.

சுகம் விசாரிப்பது போன்ற, வாழ்நாளெல்லாம் சொல்லிப் பழகிய வசனங்கள் யோசிக்காமலே வருபவை. அவை நோயில் நெடுநாள் நிற்கும். எண்ணுவதும், தேவாரமும், செபமும், ஓதலும், பாட்டும் அப்படித்தான். ஐந்து நிமிடத் தொலைபேசியில் நோய் தெரியாது. வெளியில் இருக்கும் உறவுகள் இதனை அறியவேண்டும். பராமரிக்கிறவள் பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் செய்யும் இன்னொரு காரியத்தையும் நிறுத்தவேண்டும். "நான் ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்கிறார்கள். அம்மா விழிப்பார், எல்லோரும் சிரிப்பார்கள். தெரியாததை நாலுபேர் முன்னிலையில் கேட்டால் எங்களுக்கு எப்படியிருக்கும்? வரும்போதே "அம்மா, நான் உங்கட மூத்த தங்கச்சியின்ர மகள் வந்திருக்கிறன்" என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

சொல் தேடுகிறவருக்கு எப்படி உதவலாம்?

அந்த அக்காவும் நானும் திண்ணையில் இருந்து எழுதிய சில குறிப்புகள் இவை.

முதலாவது, நேரம் கொடுங்கள். மனதுக்குள் பத்து எண்ணும்வரை பேசாமல் இருங்கள். அநேகமாகச் சொல் வந்துவிடும்.

வராவிட்டால் முதல் எழுத்தைச் சொல்லிக்கொடுங்கள். 'தி...' என்றால் 'திருவலை' வரலாம். நோயின் ஆரம்பத்தில் இது நன்றாக உதவும். அல்லது "கையால காட்டுங்கோ அம்மா" என்று கேளுங்கள்.

பிழையான சொல்லைச் சொன்னாலும் கருத்து விளங்கினால் திருத்தவேண்டாம். கரண்டி என்று கேட்டு அகப்பையைக் காட்டினால் அகப்பையைக் கொடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு விடயம் சொல்லுங்கள். "குளிச்சிட்டு உடுப்பு மாத்திச் சாப்பிட வாங்கோ" என்பது மூன்று வேலை. "வாங்கோ, குளிப்பம்" என்பது ஒன்று. "என்ன சாப்பிடப்போறியள்?" என்று கேட்காமல் "இடியப்பமோ, பாணோ?" என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, எதிரே இருந்து முகம் பார்த்துப் பேசுங்கள்.

காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்று சோதிப்பியுங்கள். காது கேளாததையும் அறளை என்று நினைத்துவிடுகிறோம்.

தனது விலாசத்தைச் சொல்ல முடியாதவர் வீட்டைவிட்டு வெளியே போனால் ஆபத்து. பெயர், ஊர், உங்கள் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டொன்றை அவருடைய சட்டைக்குள் அல்லது கைப்பைக்குள் வையுங்கள்.

பாடத் தெரிந்தவருடன் பாடுங்கள். கோயில் மணி கேட்டதும் அந்த அம்மா முழுத் தேவாரத்தையும் பிழையில்லாமல் பாடினார். தண்ணீர் கேட்கத் தெரியாத வாய் அது.

"தம்பி எங்கை?"

இனித்தான் அக்கா என்னிடம் உண்மையில் சொல்ல விரும்பியது.

அவருடைய தம்பி 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்து சனத்தோடு சனமாக வந்தபோது காணாமற்போனவர். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அம்மா எத்தனையோ அலுவலகங்கள் ஏறி இறங்கினார். 2016 இல் சட்டம் இயற்றி உருவாக்கப்பட்ட காணாமற்போனோர் அலுவலகத்திலும் விபரம் கொடுத்தார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்திலும் மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். இப்போது அந்தப் பதினாறு வருடமும் அம்மாவின் நினைவில் இல்லை. பின்னேரமானதும் படலைக்குப் போய், "தம்பி எங்கை? இன்னும் வரேல்லையே?" என்று கேட்கிறார். அவனுக்கென்று கோப்பையில் சோறு போட்டு மூடி வைக்கிறார்.

"ஒரு நாள் எனக்கு ஏலாமல் போட்டுது மிஸ். 'அவன் இல்லையம்மா, அவன் செத்துப்போனான்' எண்டு கத்திப்போட்டன். நிலத்தில விழுந்து குழறினா. அண்டைக்குத்தான் செய்தி வந்தமாதிரிக் குழறினா. ஒரு மணித்தியாலத்தில எழும்பி வந்து, 'பிள்ளை, தம்பி எங்கை?' எண்டு கேட்டா. நான் அம்மாவுக்கு அடிச்சிட்டன் மிஸ்."

அக்கா அழுதார். நானும் அழுதேன். சமூகவியல் பாடத்தில் இதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை.

மறதிநோய் உள்ளவருக்கு இறப்புச் செய்தியைத் திரும்பத் திரும்பச் சொன்னால், ஒவ்வொரு தடவையும் அவர் புதிதாக இழக்கிறார். செய்தி மறந்துவிடும்; ஆனால் அது கொடுத்த துயரம், காரணம் தெரியாமலே நெடுநேரம் நெஞ்சில் நிற்கும். எங்களுடைய வீடுகளில் இது இன்னும் கடினம். மகன் இறந்தானா இருக்கிறானா என்பது அம்மாவுக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை எப்படி உண்மையென்று சொல்வது? 'நாளைக்கு வருவான்' என்று பொய் சொல்லவும் அக்காவுக்கு மனம் வரவில்லை. அந்தப் பொய்யைத்தான் இத்தனை வருடமும் பலர் அவர்களுக்குச் சொன்னார்கள்.

கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதபோது கேட்கிற மனதுக்குப் பதில் சொல்லலாம். 'தம்பி எங்கை?' என்ற கேள்விக்குள் 'எனக்கு அவனைப் பார்க்கவேணும்போல இருக்கு' என்பது இருக்கிறது. அதனால் இப்படிச் சொல்லிப் பார்த்தோம்: "தம்பியை நினைக்கிறியளோ அம்மா? எனக்கும் அவன்ர நினைப்புத்தான். அவனுக்கு என்ன கறி விருப்பம்?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. "கணவாய்" என்றார். சொல் உடனே வந்தது. அவன் சின்னதில் கணவாய்க்கறிச் சட்டியை வழித்துத் தின்ற கதையைப் பாதி சொல்லாலும் பாதி கையாலும் சொன்னார். பிறகு மெதுவாகக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தோம். அடுத்த நாளும் கேட்பார்தான். எல்லா நாளும் இது பலிக்காது என்றும் அக்காவிடம் சொன்னேன். ஆனால் படலைக்கும் அடிக்கும் இடையில் செய்வதற்கு இப்போது ஒன்று இருக்கிறது.

சோற்றை மூடிவைப்பதையும் தடுக்கவேண்டாம். அதனால் யாருக்கும் கேடில்லை.

ஒரு கொப்பி வாங்குங்கள்

போராட்டக் கொட்டகைகளில் இருந்த பெற்றோரில் பலர் பதில் கிடைக்காமலே காலமாகிவிட்டார்கள். உயிரோடு இருப்பவர்களில் சிலருக்கு இந்த நோய் வந்திருக்கின்றது. பிள்ளை பிறந்த திகதி, உடலிலுள்ள அடையாளம், கடைசியாகக் கண்ட இடம், உடுத்திருந்த உடுப்பு, பக்கத்தில் நின்றவர்கள் என்பன பல குடும்பங்களில் தாய் ஒருத்தியின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கின்றன. காணிக்கு எது எல்லை, எந்தக் கிணறு பொது என்பதும் அப்படித்தான்; உறுதிகளும் படங்களும் இடப்பெயர்வில் போய்விட்டன.

ஆகவே தாய் நன்றாக இருக்கும்போதே, அல்லது சொல் தடுமாறத் தொடங்கிய உடனேயே, ஒரு கொப்பி வாங்கி எழுதத் தொடங்குங்கள். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே, திகதி போட்டு எழுதுங்கள். சொல் எடுத்துக்கொடுக்கலாம், சம்பவத்தை எடுத்துக்கொடுக்கக்கூடாது. முன்னுக்குப்பின் முரணாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். அவர் களைத்தால் அல்லது அழுதால் நிறுத்திவிடுங்கள். துயரத்தை மட்டும் எழுதவேண்டுமென்றில்லை. கணவாய்க்கறியையும் எழுதுங்கள். நாளைக்கு அவர் சொல்லில்லாமல் இருக்கும்போது, அந்தக் கொப்பியிலிருந்து அவருக்கு அவரைப் பற்றி நீங்கள் வாசித்துக் காட்டலாம்.

பராமரிக்கிறவளையும் யார் பார்ப்பது?

தாய்க்கு அடித்த மகளை நான் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. அடித்தது சரியென்றும் சொல்லமாட்டேன்; அதை அவரிடமும் சொன்னேன். கணவரை இழந்து, பிள்ளைகளைப் படிப்பித்து, கோழி வளர்த்து, இரவில் மூன்று தடவை எழும்பித் தாயைத் தேடும் ஒருத்தியின் பொறுமைக்கும் எல்லையுண்டு. முன்னர் ஒரு வளவுக்குள் சித்தி, மாமி, அயல் என்று பத்துக் கண்கள் ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டன. போர் அந்த வளவுகளைக் கலைத்துவிட்டது. பத்துப்பேரின் வேலை இப்போது ஒரு பெண்ணின் தலையில்.

கோபம் தலைக்கேறும்போது, அவர் இருக்கும் இடம் பாதுகாப்பானதென்று பார்த்துவிட்டு, ஐந்து நிமிடம் முற்றத்துக்குப் போங்கள். கிழமையில் ஒரு பின்னேரமாவது வேறொருவர் பார்த்துக்கொள்ள ஒழுங்கு செய்யுங்கள். வெளிநாட்டிலுள்ள சகோதரரிடம் பணம் மட்டுமல்ல, பொறுப்பையும் கேளுங்கள். வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவில் தாய்க்கு மட்டுமன்றி உங்களுக்கும் ஆலோசனை கேட்கலாம். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. பிரதேச செயலகத்தின் சமூகசேவை உத்தியோகத்தரிடம் முதியோருக்குரிய உதவிகளைக் கேட்டறியுங்கள். உங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் இதை ஒருநாள் வாய்விட்டுப் பேசுங்கள். ஒரே கிராமத்தில் இன்னும் இரண்டு வீடுகளில் இதே கதை இருப்பது அன்றுதான் தெரியவரும்.

நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2009 இல் நாங்கள் செட்டிகுளம் முகாமில் இருந்தபோது என் அம்மம்மா எங்களுடன் இருந்தார். "வீட்டை எப்ப போறது? மாட்டுக்கு ஆர் தண்ணி வைக்கிறது?" என்று நாள்முழுக்கக் கேட்பார். எனக்குப் பத்தொன்பது வயது. "எத்தினை தரம் சொல்லுறது, வீடும் இல்லை மாடும் இல்லை" என்று கூடாரம் முழுக்கக் கேட்கக் கத்தினேன். அவர் பேசாமல் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அதன்பின் அதிக காலம் அவர் இருக்கவில்லை. அது நோயென்று எனக்குப் பல்கலைக்கழகம் போனபிறகே தெரியும். அன்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், "அந்த மாட்டுக்கு என்ன பெயர் அம்மம்மா?" என்று கேட்டிருப்பேன். இப்போது அந்தப் பெயர் தெரிந்தவர் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை.

செப்டெம்பர் 21 ஆம் திகதி உலக அல்சைமர் தினம். அந்த நாளுக்குக் காத்திருக்கவேண்டாம். இன்று பின்னேரமே உங்கள் அம்மாவின் அருகில் இருந்து, அவர் தேடும் சொல்லுக்காகச் சற்றுப் பொறுத்திருங்கள்.

உங்கள் வீட்டு அனுபவங்களை எனக்கு எழுதுங்கள். பெயர் வெளிவராமல் பகிர்ந்துகொள்வோம். அடுத்த மாதம் சந்திப்போம்.